பதினாறு டப்பா மண்

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மிச்ச இரண்டும் என் தங்கை பிள்ளைகள். ஐந்துக்கும் ஒரே சோறு, ஒரே அடி. அதைச் சொல்ல இங்கே வரவில்லை. நான் பார்த்த உத்தியோகத்தைச் சொல்ல வந்தேன். உத்தியோகம் என்றுதான் சொல்வேன். கூலி வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

மண்ணுக்குள் உப்பு எப்படி நடக்கிறது, தண்ணீர் எப்படி நடக்கிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த ஆபீஸ் அது. கும்மிடிப்பூண்டியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. நான் படித்தது இரண்டாம் கிளாஸ். பெயர் எழுதுவேன், எண் படிப்பேன், பஸ் போர்டு படிப்பேன். இப்போது அந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். மண்ணுக்குள் எதுவும் அவசரமாக நடப்பதில்லை.

முதல் நாள்

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே. மேற்கில் ஏரி. கிழக்கில் பழவேற்காட்டுக் காயலின் ஒரு கை உள்ளே வரும், அதை ஓடைக்கால் என்போம். நடுவில் கீழ்வெளி, அறுபது ஏக்கர் நெல் நிலம். ஏரியின் நல்ல தண்ணீர் மதகு வழியாக மேற்கிலிருந்து வரும். காயலின் உப்புத் தண்ணீர் கிழக்கிலிருந்து ஊறும். இரண்டும் எங்கள் காலடியில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் சந்திக்கும். கீழ்வெளியில் எங்களுக்கும் ஓர் ஏக்கர் இருந்தது.

எழுபதுகளில் ஒரு மாசி மாதம், அறுவடை முடிந்த நேரம், ஏரிக்கரையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் வரதன் சார். காஞ்சிபுரத்துக்காரர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கறுப்பு ஷூ பளபளவென்று இருந்தது.

"சேத்துல எறங்கி முளைக்குச்சி அடிக்க யாராவது வருவீங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முனுசாமி எகத்தாளமாகப் பேசுவார். "இன்னா சார், கம்பெனிக்கு எடம் அளக்கிறீங்களா?" என்றார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகளுக்கு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்தாலே எங்களுக்கு அந்த நினைப்புதான்.

"இல்லைங்க. உப்பு அளக்க வந்திருக்கோம்."

"உப்பு அளக்க உப்பளத்துக்குல்ல போவணும்? இது நெல்லு வெளையிற எடம் சார்."

"நல்லா வெளையுதா?" என்று கேட்டார் அவர், சும்மாதான் கேட்டார். ஓடைக்கால் பக்கம் மூன்று வருஷமாக நட்ட பத்தாம் நாளே நாற்றின் நுனி கருகிக்கொண்டிருந்தது.

"நான் எறங்கறேன் சார்" என்றேன்.

"நீ இன்னாத்துக்குடி?" என்றார் இவர்.

"எனக்கு எண்ணத் தெரியும், சேறும் தெரியும். வேற இன்னா வோணும்?"

ஜீப்பில் பதினாறு பால்பவுடர் டப்பா இருந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் நம்பர். கூடவே பதினாறு முளைக்குச்சி. "வரிசைக்கு நாலு, நாலு வரிசை. முதல் மூலையில இருந்து வரிசையா அடிச்சிக்கிட்டு வாங்க. அந்தந்தக் குச்சிகிட்ட அந்தந்த நம்பர்" என்றார் வரதன் சார். நான் கீழ்வெளியைக் குறுக்கே கடந்து வடகிழக்கில் இருக்கும் சனி மூலைக்குப் போய் ஒன்றாம் குச்சியை அடித்தேன். நாற்று நடவும் அங்கேதான் தொடங்கும், விதைப்பும் அங்கேதான். அங்கிருந்து மேற்கே இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஒரு வரிசை தெற்கே இறங்கி, மறுபடி கிழக்கிலிருந்து ஐந்து. இப்படியே போய்ப் பதினாறாம் குச்சி ஏரி ஓரம் தென்மேற்கு மூலையில் முடிந்தது. வரதன் சார் கரையில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆகர், மணி, பச்சைக் கண்

என் வேலை மூன்று. முதலாவது ஆகர். இரும்புத் தண்டு, மேலே குறுக்குக் கைப்பிடி, அடியில் திருகு. அதைக் குச்சி பக்கத்தில் நிறுத்தி உடம்பைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். அரை அடியில் ஒரு பிடி மண், ஒன்றரை அடியில் ஒரு பிடி, மூன்று அடியில் ஒரு பிடி. மேல் மண் வெந்த பருப்பு நிறம். நடு மண்ணில் துருப்பிடித்த கீற்று ஓடும். அடி மண் நீலக்கறுப்பு, அழுகிய முட்டை வாசனை அடிக்கும். முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிறகு அந்த வாசனையை வைத்தே ஆழம் சொல்லப் பழகினேன்.

இரண்டாவது மணி. ஒவ்வொரு குச்சிக்கும் பக்கத்தில் ஓர் இரும்புக் குழாயை மண்ணுக்குள் இறக்கியிருந்தார்கள். மூடியைக் கழற்றி, டேப்பின் முனையில் கட்டிய சின்னப் பித்தளை மணியை உள்ளே விட வேண்டும். அடிப்பக்கம் குழிந்த மணி அது. தண்ணீரைத் தொட்டதும் அடியிலிருந்து 'ளப்' என்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் டேப்பைப் பிடித்து அடியும் அங்குலமும் படிக்க வேண்டும். காற்று அடித்தால் கேட்காது. அதனால் விடியும் நேரத்தில் போவேன். கொக்குகூட இறங்கியிருக்காது. குழாய் வாயில் காதை வைத்துக் குனிந்திருப்பேன். பூமி ஒரு வாய் தண்ணீர் விழுங்குகிற மாதிரி அந்தச் சத்தம் வரும். பதினாறு குழாய்க்குப் பதினாறு விழுங்கல். வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போதும் எனக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது ஆபீஸ் வேலை. மண்ணை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி ஈ.சி. பார்க்க வேண்டும். உப்பு எவ்வளவு என்று சொல்லும் நம்பர்தான் ஈ.சி. அதற்கு ஒரு மெஷின், மரப்பெட்டி மாதிரி இருக்கும். அதன் முகத்தில் ஒரு பச்சைக் கண். கரைசலுக்குள் கம்பியை இறக்கிவிட்டுக் குமிழைத் திருப்பினால், ஓர் இடத்தில் அந்தக் கண் அகலமாகத் திறக்கும். திறந்த இடத்தில் முள் எதைக் காட்டுகிறதோ அதுதான் நம்பர். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மத்தியானம் முழுதும் அந்த இருட்டறையில் நானும் பச்சைக் கண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். வெளியில் லாரி போகும் சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து வருவது போல இருக்கும்.

ஒன்றாம் டப்பாவில் நம்பர் எப்போதும் உயரம். பதினாறாம் டப்பாவில் குறைவு. ஆனால் எல்லாவற்றிலும் குறைவு ஆறாம் டப்பாதான். அது எங்கள் சொந்த நிலம். என் மாமியார் காலத்தில் ஏரி வண்டலைக் கொட்டி மேடாக்கிய துண்டு. அதன் நம்பரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

மெஷினுக்குள் ஒரு கீழ்வெளி

இதையெல்லாம் எதற்குச் செய்கிறோம் என்று ஆறு மாதம் எனக்குத் தெரியாது. வரதன் சாருக்கு மேலே ஒரு பெரிய ஆபீசர், டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டில் படித்தவர். மெட்ராஸிலிருந்து எப்போதாவது வருவார். ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஐயா, இத்தினி மண்ணு எடுத்து இன்னா பண்றீங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டார். "உங்க கீழ்வெளியை இப்படி டப்பா டப்பாவா பிரிச்சுக்கறோம்மா. ஒரு டப்பாவுல மேல இருந்து எவ்வளவு தண்ணி எறங்குது, பக்கத்து டப்பாவுக்கு எவ்வளவு போகுது, வெயில் எவ்வளவ மேல இழுக்குது, இதுக்கெல்லாம் கணக்கு இருக்கு. தண்ணி போற எடத்துக்கெல்லாம் உப்பும் போகும். கையால போட்டா ஒரு வருஷக் கணக்குக்கு ஒரு வருஷம் ஆகும். கம்ப்யூட்டர் ஒரு மத்தியானத்துல போட்டுடும். இந்த வருஷம் மதகைத் தொறந்தா என்ன ஆகும், தொறக்கலேன்னா என்ன ஆகும்னு, நடக்கறதுக்கு முன்னாலயே பாத்துடலாம்."

நான் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது வழியில் நின்று நின்று வந்தேன். எங்கேயோ மெட்ராஸில் ஒரு பெட்டிக்குள் இன்னொரு கீழ்வெளி இருக்கிறது. அங்கே வெயில் இல்லை, கொக்கு இல்லை, சேறு இல்லை. தண்ணீர் மட்டும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் சத்தமில்லாமல் நகர்கிறது. உப்பு அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகிறது. நாங்கள் ஒரு வேளை சோறு பொங்கித் தின்பதற்குள் அங்கே ஒரு போகம் விளைந்து அறுவடையும் ஆகிவிடுகிறது. அந்த நிலத்துக்கு மண் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான்.

வீட்டில் சொன்னேன். "அந்தப் பொட்டிக்குள்ள நம்ம ஏக்கரும் கீதா?" என்று கேட்டார் இவர்.

"ஆறாம் டப்பா."

"அப்போ அதுல வெளையற நெல்ல யாரு துன்றா?" என்றார்.

மெட்ராஸ்

கார்த்திகை முடியும்போது வரதன் சார் என்னையும் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். "பத்து மாசம் மண்ணு சுமந்தவங்க, ஒரு தடவை பாக்கணும்ல?" என்றார். பாசஞ்சரில் போனோம். ஒரு பெரிய காலேஜில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே மார்கழி மாதிரி குளிர். வெள்ளை விளக்கு, நிழலே இல்லாத வெளிச்சம். பீரோ பீரோவாக நின்றுகொண்டிருந்தது. ஒன்றில் சக்கரம் சுற்றும், நிற்கும், யோசிக்கிற மாதிரி இருக்கும், மறுபடி சுற்றும்.

கார்டு குத்துகிற பெண் ஒருத்தி இருந்தாள். கெட்டி அட்டையில் வரிசையாக ஓட்டை. "இதுதான் உங்க ஏழாம் டப்பா, ஆவணி மாசம்" என்று ஒன்றை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தாள். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து அவள் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. நான் மூன்றடி ஆழத்திலிருந்து திருகி எடுத்த நாற்ற மண், அங்கே வெளிச்சப் புள்ளியாகிவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு கூப்பிட்டார்கள். ஒரு மெஷின் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட நீளப் பேப்பர் அதிலிருந்து மடிந்து மடிந்து இறங்கியது. டாக்டர் அதைக் கிழித்து மேஜையில் விரித்தார்.

"இதுதான் உங்க கீழ்வெளி. மேல் பக்கம் வடக்கு. புள்ளி இருக்கற எடம் நல்ல மண்ணு. கூட்டல் குறி இருந்தா நடுத்தரம். பெருக்கல் குறி இருந்தா உப்பு."

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் அது எழுத்து இல்லை, நிலம். பெருக்கல் குறியெல்லாம் இடது பக்கம் கீழே, ஏரி ஓரமாக அடைந்து கிடந்தது. ஓடைக்கால் பக்கம் வெறும் புள்ளி. ஏரிக்குப் பக்கத்தில், கூட்டல் குறிகளுக்கு நடுவே தனியாக ஒரு புள்ளிக் கூட்டம். அதை எனக்குத் தெரியும். அது எங்கள் வண்டல் மேடு. அது எப்படி ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்தது?

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு புரிந்தது. அவர்கள் ஒன்றாம் நம்பரைத் தென்மேற்கு மூலையில் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் கணக்கு இடது கைப்பக்கம் கீழ் மூலையில் தொடங்குமாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் சனி மூலையில் வைத்தேன். மொத்த நிலமும் தலைகீழாகத் திரும்பிப் படுத்திருந்தது.

டாக்டர் உற்சாகமாக இருந்தார். "பாத்தியா வரதா, எல்லாரும் காயல்ல இருந்து உப்பு வருதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஏரித் தண்ணிதான் ஊறி, அடியில இருக்கற உப்பத் தூக்கி விடுது. மதகைத் தொறந்தா இன்னும் ஏறும். தையில நடற நவரைப் பட்டத்துக்கு மதகைத் தொறக்கக் கூடாதுன்னு ரிப்போர்ட் குடுத்துடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பத்து மாசத்துல ஒரு டப்பா விட்டுப் போகல. இந்த அம்மாவுக்கு வேலையை பர்மனன்ட் பண்ணச் சொல்லி இந்த வாரமே எழுதறேன்."

"என்னம்மா, எப்படி இருக்கு நம்ம நிலம்?" என்றார் வரதன் சார், முகமெல்லாம் சிரிப்பாக.

"நல்லா கீது சார்" என்றேன்.

மூன்று நாள்

அந்த ஒரு வார்த்தையை மூன்று நாள் சுமந்தேன். ஆகர் அவ்வளவு கனமில்லை.

முதல் நாள் சாவடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அந்த வாரமே ஏரிக்கரையில் மீட்டிங், நவரைப் பட்டத்துக்கு மதகு திறப்பதில்லை என்று. கோவிந்த நைனா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர்தான் எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"இன்னாம்மா தேசம்மா, என் மதகுல வர்றது விஷம்னு உன் மெஷினு சொல்லிச்சாமே?"

"விஷம்னு சொல்லல நைனா."

"கருகுறது ஓடைக்கால் பக்கம். இது சின்னப் புள்ளைக்கிக்கூட தெரியும். ஆபீசர் கைல சொன்னேன். அதுக்கு அவரு இன்னா சொல்றாரு? நீ பாக்கறது எல, மெஷினு பாக்கறது வேருன்னு சொல்றாரு. மண்ணு எடுத்தது உங்க ஊரு பொம்பளதானேன்றாரு. நான் இன்னா பேச முடியும், சொல்லு. நீ எடுத்த மண்ணு பொய்யின்னு நானே சொல்றதா?"

அவர் கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் கீழ்வெளிக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. பதினாறாம் குச்சியிலிருந்து ஒன்றாம் குச்சி வரைக்கும் பின்னாலிருந்து நடந்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளி மண் எடுத்து நாக்கில் வைத்தேன். ஏரிப் பக்கம் மண் சப்பென்று இருந்தது. நடுவில் கைத்தது. சனி மூலையில் கரித்தது. மழை நின்று பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அங்கே வரப்பு ஓரம் மாவு சலித்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது. ஒருவேளை மெஷின்தான் சரி, எனக்குத்தான் புரியவில்லையோ என்று ஒரு ஆசை இருந்தது. அதுவும் அங்கேயே போனது.

ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர் மேற்கிலிருந்து அழுத்தினால்தான் உப்புத் தண்ணீர் கிழக்கே பின்வாங்கும். பத்து மாதமாக மணியின் சத்தத்தில் அதைக் கேட்டவள் நான். தை மாதம் மதகு மூடியிருந்தால், சித்திரைக்குள் அந்த வெள்ளை எங்கள் மேடு வரைக்கும் நடந்து வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "இன்னா, ரெண்டு நாளா மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

சொன்னேன். முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன். எகத்தாளம் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. "பர்மனன்ட் ஆர்டர் வந்தப்புறம் சொல்லேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அதுக்குள்ள தை பூடும் இல்ல?" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆபீஸில் வரதன் சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோட்டைப் புரட்டினார். "ஒண்ணாம் நம்பர் தென்மேற்குன்னு எழுதி, நேர்ல பாத்து சரிபார்த்ததுன்னு நான் கையெழுத்து போட்டிருக்கேன்மா."

"நீங்க ஷூவோட கரையில நின்னீங்க சார்."

"டாக்டர் என்னைத் தொலைச்சுடுவார். இந்த மீட்டிங் முடியட்டும். அப்புறம் பக்குவமா நானே சொல்றேன்."

"சார், உங்களுக்கு வேல நிக்கணும். எனக்கு ஆர்டர் வரணும். ரெண்டும் நாயம்தான். ஆனா மண்ணு மீட்டிங்குக்கு காத்துக்கினு இருக்காது சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும்தான்.

ஜீப் மேலே பேப்பர்

மறுநாள் மீட்டிங்குக்கு ஊரே கரையில் நின்றது. டாக்டர் ஜீப்பின் முன்பக்கத்தில் பேப்பரை விரித்து, பறக்காமல் நான்கு கல் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். கோவிந்த நைனா மதகு மேலேயே உட்கார்ந்திருந்தார், இறங்கி வரவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். நான்கு கல்லையும் எடுத்தேன். பேப்பரைத் திருப்பினேன். மேல் பக்கத்தைக் கீழே கொண்டுவந்து மறுபடி கல்லை வைத்தேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் டாக்டர்.

"நான் தப்பு பண்ணிட்டேன் ஐயா. ஒண்ணாம் நம்பர் அங்க கீது" என்று சனி மூலையைக் காட்டினேன். "மொதல் மூலையில ஆரம்பின்னாங்க. நான் அங்க ஆரம்பிச்சேன். மெட்ராஸ்ல பேப்பரப் பாத்த அன்னிக்கே எனக்கு தெரிஞ்சி போச்சி. தெரிஞ்சும் நல்லா கீதுன்னு சொல்லிட்டேன்."

"அங்க ஏன் ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஊரே சொன்னது. "வேற எங்க சார் ஆரம்பிப்பாங்க?" ஒருத்தர் இல்லை, நாற்பது பேர். "சனி மூலையில ஆரம்பிக்காம பின்ன குட்டிச்சுவத்துலயா ஆரம்பிப்பாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். சிரிப்பு கிளம்பியது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. வரதன் சாரைப் பார்த்தார்.

வரதன் சார் குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றி அதற்குள் திணித்தார். "நான் எந்த மூலைன்னு கேக்கல சார். எறங்கிப் பாக்காமலே கையெழுத்து போட்டேன். தப்பு என்னோடது" என்றார். பிறகு ஆகரை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். நான் பின்னால் போனேன். டாக்டரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். ஒன்றாம் குச்சியில் ஒரு பிடி, பதினாறாம் குச்சியில் ஒரு பிடி. பச்சைக் கண் பெட்டியை ஜீப்பிலிருந்து எடுத்துக் கரண்ட் இருந்த பம்ப்செட் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். மண்ணைக் கலக்கினேன். டாக்டரே குமிழைத் திருப்பினார். கண் திறந்தது. ஒன்றாம் குச்சி மண்ணின் நம்பர்தான் உயரம். கொட்டகை வாசலுக்கு வந்து ஏரியைப் பார்த்தார். காற்றில் தண்ணீர் சின்னச் சின்ன மடிப்பாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"மெஷின் கணக்கு தப்பில்ல. நிலத்தத் தலைகீழா குடுத்துட்டோம்" என்றார். "ஒரு வாரம் டைம் குடுங்க. அதுவரைக்கும் மதகைப் பத்தி யாரும் எதுவும் பேச வேண்டாம்."

மெட்ராஸுக்குப் போய் கார்டுகளின் நம்பரை மாற்றிக் குத்தி மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை மெஷின் சொன்னது: மதகைச் சீக்கிரம் திற, நடவுக்கு முன்னால் தண்ணீரை வயலில் நிறுத்தி உப்பைக் கழுவு, கழுவிய தண்ணீர் போகக் கிழக்கு ஓரம் ஒரு வடிகால் வெட்டு. தை இரண்டாம் நாள் கோவிந்த நைனா மதகைத் திறந்தார். கரையிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார், "தேசம்மா, இந்தத் தண்ணி எந்தப் பக்கம் போவணும்னு ஒரு தபா சொல்லிட்டுப் போம்மா!" ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சனி மூலையிலிருந்து ஓடைக்கால் ஓரமாகத் தெற்கே போகிற வரிசை திரும்பவே இல்லை. இன்றைக்கும் அங்கே உப்பு மண்ணில் முளைக்கிற உமரிச் செடிதான். மிச்ச மூன்று வரிசை பிழைத்தது. வரதன் சாரை அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றினார்கள். என் பர்மனன்ட் ஆர்டருக்கு எழுதிய கடிதத்தை டாக்டர் திரும்ப வாங்கிவிட்டார். "தப்பு பண்ணதுக்காக இல்ல. தெரிஞ்சும் பேசாம இருந்ததுக்கு" என்றார். இரண்டு வருஷம் கழித்துத்தான் ஆர்டர் வந்தது. அந்த இரண்டு வருஷமும் அந்த வார்த்தை நியாயம் என்று தெரிந்தே வேலை செய்தேன். அதற்கப்புறம் மண் எடுக்கப் புதிதாக யார் வந்தாலும், எந்தப் பெரிய ஆபீசராக இருந்தாலும், ஆகரைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சேற்றில் இறக்கி, ஒன்று எங்கே என்று காலால் மிதித்துக் காட்டச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மிதிப்பார்கள்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளே, உங்கள் கம்ப்யூட்டர் இப்போது மடியில் உட்காருகிறதாம். நல்லது. எண்ணுகிறவளும் எழுதுகிறவனும் ஒரே இடத்தில் நின்று தொடங்குங்கள். பிசகினது தெரிந்தால் தெரிந்த அன்றைக்கே சொல்லுங்கள். நான் மூன்று நாள் தாமதம். அதற்குள் உப்பு எவ்வளவு தூரம் நடந்ததோ, அதை எந்த மெஷினும் எனக்குச் சொல்லவில்லை.

எழுதிட்டியா கண்ணு? எங்க, இப்போ மொதல்ல இருந்து படிச்சிக் காட்டு. வேகமா ஓட்டாத. 'நல்லா கீது சார்'னு நான் சொன்ன எடம் வருதுல்ல, அத மட்டும் நெறுத்திப் படி. அதையும் நான்தான் சொன்னேன்.